இரவின் பக்கத்திலிருந்து வரும் ஒளி

1893 ஜூலை 2ஆம் தேதி நார்வேயின் ட்ரான்ட்ஹைம் துறைமுகத்திலிருந்து ‘வெஸ்டெரோலன்’ என்ற நீராவிக் கப்பல் வடக்கே ஹாமர்ஃபெஸ்ட் ஊரை நோக்கிக் கிளம்பியது. கப்பலை நடத்தியவர் கேப்டன் ரிச்சர்ட் வித். கோடையானாலும் குளிரானாலும் வாரம் ஒருமுறை தபாலும் சரக்கும் ஆட்களும் சொன்ன நேரத்தில் வடக்கே போய்ச் சேரும் என்று அரசாங்கத்திடம் அவர் ஒப்பந்தம் போட்டிருந்தார். மற்ற கப்பல் கம்பெனிகள் அந்தப் பொறுப்பை ஏற்கத் தயங்கின. தீவுகளும் நீருக்கடியில் மறைந்த பாறைகளும் நிறைந்த கடற்கரை அது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் தலைகாட்டாது. நம்பத் தகுந்த கடல் வரைபடங்களும் அன்று அரிது. வித்துக்குத் துணிவு தந்தது ஒரு குறிப்பேடு. எந்தத் திசையில் எவ்வளவு நேரம் போனால் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று, அவரும் அவருடைய வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்ட்டேயும் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்தே எழுதி வைத்திருந்தார்கள்.

கண்ணுக்கு எதுவும் புலப்படாத இரவில் காந்த ஊசியை நம்பிக் கப்பல் ஓட்டியவர்களின் தலைக்கு மேலேயே, அந்த ஊசியை ஆட்டிவைக்கும் ஒன்று இருந்தது. 1741இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் ஆண்டர்ஸ் செல்சியஸும் அவருடைய உதவியாளர் ஓலோஃப் ஹியோர்ட்டரும் நீண்ட காந்த ஊசி ஒன்றை வைத்துப் பகலும் இரவும் அதன் நிலையைக் குறித்துவந்தார்கள். வானில் துருவ ஒளி எழும் இரவுகளில் ஊசி நிலைகொள்ளாமல் தவிப்பதை ஹியோர்ட்டர் கவனித்தார். லண்டனில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஜார்ஜ் கிரஹாமின் குறிப்புகளோடு ஒப்பிட்டார்கள். 1741 ஏப்ரல் 5 அன்று இரண்டு ஊர்களிலும் ஊசி சேர்ந்தே ஆடியிருந்தது. அந்த ஒளி வெறும் வானக் காட்சி இல்லை, பூமியின் காந்தத்தோடு தொடர்புள்ளது என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான தடயங்களில் இதுவும் ஒன்று. வட நார்வேயில் பெரிய காந்தப் புயல் வீசும் இரவில் திசைகாட்டி இன்றும் சில டிகிரி வரை விலகி நிற்கும். ஒளி தெரியும் அதே உயரத்தில் லட்சக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதுதான் காரணம்.

வித் தொடங்கிய பாதை ‘ஹுர்டிக்ருட்டன்’ என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. பெர்கனில் கிளம்பி ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை போய்த் திரும்ப 12 நாள் பயணம். வழியில் 34 துறைமுகங்கள். 2021 முதல் ஹுர்டிக்ருட்டன், ஹாவிலா என இரண்டு நிறுவனங்கள் இதைப் பகிர்ந்து நடத்துகின்றன. நள்ளிரவில் ஏதோ ஒரு மீனவர் ஊரில் கால் மணி நேரம் நின்று, சரக்கை இறக்கி, நாலு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும் கப்பல்கள் இவை. குளிர்காலத்தில் கேபின்களை நிரப்புவது வெளிநாட்டுப் பயணிகள். அவர்கள் வருவது துருவ ஒளிக்காக. பருவகாலத்தில் முழுப் பயணத்திலும் அந்த ஒளி ஒருமுறைகூடத் தோன்றாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம் என்று ஹுர்டிக்ருட்டன் வாக்குறுதியே தருகிறது. ஒரு வியாபார நிறுவனம் இயற்கையின் பேரில் இப்படிப் பந்தயம் கட்டுகிறதென்றால், அதற்கு அடியில் வலுவான இயற்பியல் இருக்க வேண்டும். இருக்கிறது.

துருவ ஒளிக்குப் பள்ளிப் புத்தகம் தரும் விளக்கம் ஒரே வரியில் முடிந்துவிடும். சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் வருகின்றன, பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவங்களுக்கு இழுத்துச் செல்கிறது, அங்கே அவை காற்றில் மோதி ஒளிர்கின்றன. இதில் பொய் அதிகம் இல்லை. ஆனால் இந்த வரியை அப்படியே நம்பினால் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்காது. துருவத்துக்குத்தான் துகள்கள் போகின்றன என்றால், ஒளி ஏன் துருவத்தின் மேல் இல்லாமல் அதைச் சுற்றி ஒரு வளையமாக விழுகிறது? சூரியனிலிருந்து நேராக வருகிறதென்றால், சூரியனைப் பார்த்திருக்கும் பகல் பக்கத்தில் அல்லவா அது வலுவாக இருக்க வேண்டும், ஏன் நள்ளிரவை ஒட்டிப் பொங்குகிறது? இந்தக் கடலோரப் பயணத்தின் சிறப்பே, இந்த இரண்டு கேள்விகளையும் பயணி தன் கண்ணாலேயே எதிர்கொள்ளலாம் என்பதுதான்.

முதலில் வளையம். எந்த ஊரில் ஆண்டுக்கு எத்தனை இரவு துருவ ஒளி தெரிகிறது என்ற பழைய பதிவுகளையெல்லாம் திரட்டி, ஹெர்மன் ஃபிரிட்ஸ் 1881இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். வடக்கே போகப்போக இரவுகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் மறுபடி குறைகிறது. மிக அதிகமாகத் தெரியும் இடங்களைக் கோடு போட்டு இணைத்தால், அது வட நார்வே வழியாகவும் ஐஸ்லாந்தை ஒட்டியும் கனடா, அலாஸ்கா வழியாகவும் சுற்றி வருகிறது. ஒரு குறிப்பிட்ட நொடியில் ஒளி எங்கெல்லாம் நிற்கிறது என்பதை 1960களில் ரஷ்ய விஞ்ஞானி யாஷா ஃபெல்ட்ஸ்டைன் வரைந்து காட்டினார். அது ஒரு நீள்வட்டம். இரவுப் பக்கத்தில் அகன்று தெற்கே இறங்கியிருக்கும். பகல் பக்கத்தில் ஒடுங்கித் துருவத்தை நெருங்கியிருக்கும். அந்த நீள்வட்டத்துக்கு அடியில் பூமி சுழல்கிறது. வட நார்வேயின் ட்ரோம்சோ ஊர் மாலையில் அதற்குள் நுழைந்து, பின்னிரவில் அதிலிருந்து வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வளையத்தின் நடு, பூகோள வடதுருவம் அல்ல. பூமியின் காந்த அச்சு சாய்ந்திருக்கிறது. அதன் வடமுனை கனடாவின் எல்ஸ்மியர் தீவின் பக்கம் விழுகிறது. அதனால் வளையமும் அமெரிக்கக் கண்டத்தின் பக்கம் தெற்கே சரிந்திருக்கிறது. கனடாவின் யெல்லோநைஃப் நகரம் 62 டிகிரி அட்சரேகையிலேயே வளையத்துக்கு அடியில் வந்துவிடுகிறது. ஐரோப்பியப் பக்கத்தில் அதைப் பிடிக்க 68, 70 டிகிரி வரை ஏற வேண்டும். வானத்தின் கணக்கில் நார்வேக்கு இது நட்டம். ஈடு செய்வது கடல். அட்லாண்டிக்கிலிருந்து வடகிழக்காக ஏறிவரும் வெப்ப நீரோட்டம் இந்தக் கடற்கரை முழுவதையும் உறையாமல் வைத்திருக்கிறது. 69 டிகிரியைத் தாண்டி நிற்கும் ட்ரோம்சோவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சில டிகிரிதான் கீழே. உலகின் வேறு பெரும்பாலான பகுதிகளில் இந்த அட்சரேகையில், நடுக்குளிர்காலத்தில், அட்டவணை போட்டுப் பயணிகள் கப்பல் தினமும் ஓட்ட முடியாது. துருவ ஒளி தெரியும் இடங்கள் நிறைய உண்டு. சாதாரண மனிதர் குளிரில் விறைக்காமல் மணிக்கணக்கில் வெளியே நிற்கக்கூடிய இடங்கள் சிலவே.

பயணம் தொடங்கும் பெர்கன் 60 டிகிரியில் இருக்கிறது. முதல் இரவுகளில் ஆவலோடு மேல்தளத்துக்கு ஓடுபவர்கள் ஏமாறுவது இயல்பு. நான்காம் நாள் காலையில் விகிங்கன் என்ற சின்னத் தீவில் நிற்கும் உலோக உருண்டையைக் கடக்கும்போது கப்பல் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டுகிறது. அன்றிரவு பூடோவை விட்டு லோஃபோட்டென் தீவுகளை நோக்கித் திறந்த கடலில் போகும்போதுதான் உண்மையான காத்திருப்பு தொடங்குகிறது. அங்கிருந்து கிர்கெனெஸ் போய்த் திரும்பும் வரை ஐந்தாறு இரவுகள் கப்பல் வளையத்துக்கு அடியிலோ அதன் ஓரத்திலோ இருக்கும். 12 நாள் பயணச்சீட்டில் உண்மையில் நாம் வாங்குவது அந்த ஐந்தாறு இரவுகளைத்தான்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். பச்சை ஒளியின் கீழ் விளிம்பு ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பூமியின் வளைவை வைத்துப் பார்த்தால், அந்த உயரத்தில் உள்ள ஒன்று சுமார் 1,100 கி.மீ. தொலைவில் இருப்பவருக்கும் தொடுவானத்தை ஒட்டித் தெரியும். ஆகவே வளையம் தலைக்கு மேல் வருவதற்கு முன்பே வடக்கே தாழ்வாக ஒரு பச்சைக் கீற்றாகத் தலைகாட்டும். கப்பல் வடக்கே போகப்போகக் கீற்று மேலே ஏறும். ஹோனிங்ஸ்வோக் பக்கம் 71 டிகிரியை எட்டிய பிறகு நிலைமை தலைகீழாகவும் ஆகலாம். காந்தக் கொந்தளிப்பு மிகுந்த இரவில் வளையம் தெற்கே இறங்கிவிடும். அப்போது ஒளி நார்வேயின் நிலப்பரப்புக்கு மேல், கப்பலுக்குத் தெற்கே ஆடிக்கொண்டிருக்கும். ‘வடதுருவ ஒளி’ என்ற பெயரை நம்பி வடக்கையே பார்த்து நிற்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடியாகப் படுகிறது.

சூரியக் காற்று என்பது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களின் கலவை. வினாடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வருகிறது. பூமியின் காந்தப்புலம் அதன் பெரும்பகுதியை ஒதுக்கிவிடுகிறது. ஒதுங்கிப் போகும் காற்று சும்மா போவதில்லை. காந்தப்புலத்தைப் பகல் பக்கத்தில் நெருக்கி, இரவுப் பக்கத்தில் சந்திரனின் சுற்றுப்பாதையையும் தாண்டி நீண்ட வாலாக இழுத்துவிடுகிறது. சூரியக் காற்று தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. அது தெற்கு நோக்கியிருக்கும்போது, பகல் பக்கத்தில் வடக்கு நோக்கியிருக்கும் பூமியின் புலக்கோடுகளோடு பிணைந்துகொள்கிறது. பிணைந்த கோடுகள் துருவங்களுக்கு மேலாக இழுபட்டு, பின்னால் உள்ள வாலில் போய்க் குவிகின்றன. உண்டிவில்லின் ரப்பரை இழுக்க இழுக்க அதில் விசை சேர்வது போல வாலில் ஆற்றல் சேர்கிறது. ஓரளவுக்கு மேல் தாங்காமல், எதிரெதிர்த் திசையிலுள்ள புலக்கோடுகள் வாலின் நடுவில் அறுந்து, புதிய விதமாக இணைந்துகொண்டு, ஒரு பகுதி பூமியை நோக்கிச் சுண்டுகிறது. அந்த வேகத்தில் எலெக்ட்ரான்கள் புலக்கோடுகளின் வழியே இறங்கி வருகின்றன. வாலோடு இணைந்த அந்தக் கோடுகள் பூமியில் வந்து இறங்கும் இடம் துருவத்தைச் சுற்றிய வளையம்தான். முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் விடை ஒன்றே.

ஆக, கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் பார்ப்பது முன்னாலிருந்து வரும் சூரியத் துகள்களின் மோதலை அல்ல. பூமிக்குப் பின்னால், இரவின் ஆழத்தில் நடந்த ஒரு முறிவின் விளைவைப் பார்க்கிறார். 2007இல் நாசா ஏவிய ‘தெமிஸ்’ என்ற ஐந்து செயற்கைக்கோள்கள் வாலில் வெவ்வேறு தூரங்களில் நின்று இதைக் கண்காணித்தன. 2008 பிப்ரவரியில் அவை பதிந்த ஒரு நிகழ்வில், முறிவு தொடங்கிய இடம் சந்திரனுக்குள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் இருந்தது. அடுத்த ஒன்றிரண்டு நிமிடங்களில் துருவ ஒளி வெடித்தது.

பகல் பக்கத்திலிருந்து நேராக நுழையும் வழியும் இல்லாமலில்லை. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், நடுக்குளிர்காலத்து நண்பகலும் இருட்டாக இருப்பதால், அந்தப் பகற்பக்க ஒளியைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெரும்பாலும் சிவந்து, மெல்லியதாக, ஆர்ப்பாட்டம் இல்லாமல் இருக்கும். ஆர்ப்பாட்டமெல்லாம் இரவுப் பக்கத்துக்கே உரியது.

அந்த ஆர்ப்பாட்டத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று 1964இல் காட்டியவர் ஜப்பானில் பிறந்து அலாஸ்காவில் பணியாற்றிய சியூன்-இச்சி அகசோஃபு. அதைத் தெரிந்துகொண்டு மேல்தளத்தில் நிற்பது வேறு அனுபவம்.

மாலை எட்டு மணி வாக்கில் கிழக்கு மேற்காக ஒரு மங்கிய பட்டை தெரிகிறது. மேகம் என்றுதான் முதலில் தோன்றும். அதன் ஊடே நட்சத்திரங்கள் மங்காமல் தெரிந்தால் மேகம் அல்ல. அரை மணி, ஒரு மணி நேரம் எதுவும் நடக்காதது போலிருக்கும். ஆனால் பட்டை மெல்லத் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கும். வாலில் ஆற்றல் சேர்கிறது என்பதன் அடையாளம் அது. குளிர் தாங்காமல் பலர் உள்ளே போவதும் அந்த நேரத்தில்தான். திடீரென்று, இருப்பதிலேயே தெற்கில் உள்ள கீற்று பளிச்சிடும். கீழ் விளிம்பில் ஓர் இளஞ்சிவப்பு ஓரம் ஓடும். சில வினாடிகளில் பட்டை மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, கதிர்களாகப் பிரிந்து, மேற்கு நோக்கி ஓர் அலை பாயும், வடக்கே வானம் முழுதும் பரவும். தலைக்கு நேர் மேலிருந்து சற்றுத் தெற்கே, காந்தக் கோடுகள் இறங்கும் திசையில், எல்லாக் கதிர்களும் ஒரு புள்ளியிலிருந்து விரிவது போலத் தெரியும். உண்மையில் அவை இணையான கதிர்கள். நீண்ட தண்டவாளம் தூரத்தில் குவிவதாகத் தெரிகிறதே, அதே கண்மயக்கம்தான். இந்த உச்சம் பல நேரங்களில் பத்து நிமிடம்கூட நீடிக்காது.

அதன் பிறகு பெரும்பாலோர் படுக்கப் போய்விடுகிறார்கள். இருக்கச் சொல்வேன். நள்ளிரவுக்குப் பின் வானமெங்கும் வெளிறிய திட்டுகள் தோன்றி, சில வினாடிகளுக்கு ஒருமுறை அணைந்தும் எரிந்தும் துடிக்கும். இந்தத் துடிப்பொளி வேறு வகையைச் சேர்ந்தது. பூமியைச் சுற்றிய விண்வெளியில் ஒரு வகை மின்காந்த அலைகள் விட்டுவிட்டு எழுகின்றன; அவை புலக்கோடுகளில் சிறைப்பட்டுக் கிடக்கும் எலெக்ட்ரான்களைத் தவணை தவணையாகக் கீழே தள்ளிவிடுகின்றன. ஜப்பானின் ‘அராசே’ செயற்கைக்கோள் இதை நேரடியாகப் பதிவு செய்து 2018இல் முடிவுகள் வெளியாயின. புகைப்படத்தில் இது எடுபடாது. கண்ணால் பார்த்தால் மறக்காது.

நிறத்தைப் பற்றிப் பயணிகளுக்குப் பெரிய ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது. விளம்பரப் படங்களில் கொழுந்து பச்சையாக இருக்கும் ஒளி, நேரில் பல இரவுகளில் சாம்பல் வெள்ளையாகத் தெரியும். குறை வானத்தில் இல்லை. மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்பவை நிறமறியாத குச்சி செல்கள். நிறமறியும் கூம்பு செல்கள் விழித்துக்கொள்ள ஒளி ஓரளவு வலுவாக இருக்க வேண்டும். கேமரா சில வினாடிகள் ஒளியைச் சேர்த்துக்கொள்வதால் அதற்கு அந்தத் தடை இல்லை. பொங்கும் வேளையில் மட்டும் கண்ணுக்கும் பச்சை துலக்கமாகத் தெரியும்.

அந்தப் பச்சை எதிலிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரோம் 1867இல் அதை நிறமாலைக் கருவியில் பார்த்தார். ஒரே ஒரு கூர்மையான கோடு, ஏறக்குறைய 557.7 நானோமீட்டரில். ஆய்வகத்தில் எந்த வாயுவைச் சூடாக்கினாலும் மின்சாரம் பாய்ச்சினாலும் அந்தக் கோடு வரவில்லை. புதுத் தனிமமாக இருக்குமோ என்றுகூட எண்ணினார்கள். 1925இல் டொராண்டோவில் ஜான் மெக்லெனனும் கார்டன் ஷ்ரமும் அதை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார்கள். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன்தான். ஆனால் மூலக்கூறு அல்ல, தனி அணு. தூண்டப்பட்ட அந்த அணு பச்சை ஒளியை உமிழச் சராசரியாக முக்கால் வினாடி எடுத்துக்கொள்கிறது. அணுக்களின் உலகில் அது ஒரு யுகம். அதற்குள் வேறொரு அணுவோ மூலக்கூறோ வந்து முட்டினால், ஆற்றல் ஒளியாகாமலே பறிபோய்விடும். தரைமட்டக் காற்றில் ஒரு வினாடிக்குள் கோடிக்கணக்கான முட்டல்கள் நடக்கும். அந்தப் பச்சை அங்கே பிறக்கவே முடியாது. 100 கி.மீ. உயரத்தில், நம் வெற்றிடக் குழாய்களுக்கு ஈடான மெல்லிய காற்றில்தான் அணுவுக்கு அந்த முக்கால் வினாடித் தனிமை கிடைக்கிறது.

சிவப்புக்கு இன்னும் பொறுமை வேண்டும். 630 நானோமீட்டர் சிவப்பும் ஆக்சிஜன் அணுவுடையதே. ஆனால் அதை உமிழ 110 வினாடி போல ஆகும். அவ்வளவு நேரம் எதன்மீதும் முட்டாமல் இருக்க 200 கி.மீ.க்கு மேலே போக வேண்டும். அதனால்தான் சிவப்பு எப்போதும் உச்சியில், விளிம்பு கூர்மையில்லாமல் பரவி நிற்கிறது, துள்ளி ஆடுவதில்லை. நீலமும் ஊதாவும், வெடிக்கும் நேரத்தில் அடியில் ஓடும் இளஞ்சிவப்பும் நைட்ரஜன் மூலக்கூறுகளின் வேலை. அவை உடனுக்குடன் உமிழ்வதால், 100 கி.மீ.க்குக் கீழேயுள்ள அடர்ந்த காற்றிலும் ஒளிர முடிகிறது. எலெக்ட்ரான்கள் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றன என்பதற்கு அந்த இளஞ்சிவப்பு ஓரமே சாட்சி. நிறத்தைப் பார்த்தே உயரத்தையும், உயரத்தைப் பார்த்தே வந்திறங்கிய எலெக்ட்ரானின் ஆற்றலையும் சொல்லிவிடலாம்.

உயரத்தை முதலில் நம்பகமாக அளந்ததும் இந்தக் கரையோரத்தில்தான். கப்பல் பாதையிலிருந்து உள்ளே தள்ளி அல்டா என்ற ஃபியோர்டு இருக்கிறது. அதன் கரையிலுள்ள போசெகோப்பில் மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர் 1892 ஜனவரியில் துருவ ஒளியின் முதல் புகைப்படத்தை எடுத்தார். 1910இல் அதே ஊருக்கு நார்வே கணிதவியலர் கார்ல் ஸ்டோர்மர் வந்தார். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்களை நிறுத்தித் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். ஒருவர் சொல்ல, இருவரும் ஒரே கணத்தில் மூடியைத் திறப்பார்கள். இரண்டு படங்களிலும் ஒளியின் ஒரே கீற்று, பின்னணி நட்சத்திரங்களுக்கு நடுவே சற்று இடம் மாறி விழுந்திருக்கும். அந்த இடமாற்றத்திலிருந்து முக்கோணக் கணக்கில் உயரம் கிடைத்துவிடும். மலையுச்சியை உரசிக்கொண்டு ஒளி இறங்குவதாகப் பலர் நம்பிவந்த காலத்தில், அடி விளிம்பே 100 கி.மீ. சுமாருக்கு மேலே என்று ஆயிரக்கணக்கான அளவீடுகளால் அவர் நிலைநாட்டினார்.

அல்டாவுக்கு மேலே, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஹால்டே மலையுச்சி இருக்கிறது. நார்வே இயற்பியலர் கிறிஸ்டியான் பிர்கெலாந்து 1899இல் அங்கே கல்லால் ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, குளிர்காலம் முழுவதும் தன் குழுவோடு தங்கினார். அந்தப் பயணத்தில் குழுவில் ஒருவர் பனிச்சரிவில் இறந்துபோனார். பிர்கெலாந்து பிறகு ஆய்வகத்தில், வெற்றிடப் பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையைத் தொங்கவிட்டு, அதன்மேல் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு முனைகளையும் சுற்றி ஒளிவளையங்கள் எழுந்தன. சூரியன் எலெக்ட்ரான் கற்றையை நேராக எறிகிறது என்ற அவருடைய எண்ணம் சரியல்ல என்று இன்று தெரியும். ஆனால் காந்தக் கோடுகளின் வழியே விண்வெளியிலிருந்து மின்னோட்டம் செங்குத்தாக இறங்கி, துருவ ஒளியின் வழியாகப் பாய்ந்து, மீண்டும் மேலேறுகிறது என்று அவர் சொன்னது சரி. சிட்னி சாப்மன் போன்ற பெரிய விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் அதை ஏற்கவில்லை. மின்னோட்டம் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்பதே அவர்கள் வாதம். தரையில் அளந்து இந்த வழக்கைத் தீர்க்க வழியும் இல்லை. 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் செயற்கைக்கோள்கள் வளையத்தின் குறுக்கே பறந்து அளந்தபோது, பிர்கெலாந்து சொன்ன மின்னோட்டங்கள் இருந்தன. அவர் 1917இல் டோக்கியோவில் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்த மின்னோட்டங்களுக்கு இன்று அவர் பெயர்தான்.

பயணத்துக்கு நாள் குறிப்பவர்கள் மனதில் ஒரு தவறான எண்ணம் ஊன்றியிருக்கிறது: குளிர்காலத்தில்தான் துருவ ஒளி அதிகம் என்பது. வளையம் ஆண்டு முழுவதும் எரிகிறது. ஜூன் மாதத்திலும் ட்ரோம்சோவுக்கு மேல் அது உண்டு. நள்ளிரவுச் சூரியன் அதை மறைத்துவிடுகிறது. காந்தக் கொந்தளிப்பு உண்மையில் கூடுவது மார்ச்சையும் செப்டம்பரையும் ஒட்டிய நாள்களில். அப்போது பூமியின் அச்சு நிற்கும் கோணம், சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கி அமைவதற்குச் சாதகமாக இருக்கிறது. குளிர்காலம் தருவது இருட்டு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை ட்ரோம்சோவில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நண்பகலில் சில மணி நேரம் நீல அந்தி மட்டும் நிற்கும். மாலை நாலு மணிக்கே வானம் தயார். ஒரே கணக்குதான்: ஆளைத் தேடி ஒளி வருவதில்லை, இருட்டு நீளமாக இருந்தால் நாம் விழித்திருக்கும் நேரத்தில் அது பொங்கும் வாய்ப்பு கூடுகிறது.

முன்னறிவிப்புகளைப் பார்ப்பவர்கள் ‘கே.பி.’ என்ற குறியீட்டெண்ணில் கண்ணாக இருப்பார்கள். பூமி முழுமைக்குமான காந்தக் கொந்தளிப்பை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை அளவிடும் எண் அது. லண்டனிலோ பெர்லினிலோ இருப்பவருக்கு அது 7, 8 ஆக வேண்டும். வளையத்துக்கு அடியில் மிதப்பவருக்கு 2 போதும். எண் குறைவு என்று கேபினில் தூங்கிவிடுவதைப்போல வீண் வேறில்லை. அதைவிட உதவுவது சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருக்கிறதா என்ற செய்தி. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கும் விண்கலங்கள் அதை அளந்து, காற்று நம்மை எட்டுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிடுகின்றன. 2024 ஜனவரி 6 முதல் நம் ஆதித்யா-எல்1 விண்கலமும் அந்த இடத்தைச் சுற்றி நின்று சூரியக் காற்றையும் அதன் காந்தப்புலத்தையும் அளக்கிறது. அந்தத் திட்டத்தை இயக்குநராக இருந்து நடத்தியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி.

எல்லாம் கூடிவந்தாலும் மேகம் கெடுத்துவிடலாம். கடற்கரையை உறையாமல் வைக்கும் அதே வெதுவெதுப்பான கடல்தான் மேகத்தையும் பனிமழையையும் கொண்டுவருகிறது. மலைகளுக்குப் பின்னால் உள்ள ஷிபோட்ன் போன்ற உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் வானம் தெளிந்திருக்கும் இரவுகள் அதிகம். ஒளி ஒன்றுமட்டுமே குறி என்றால் அங்கே வீடெடுத்துத் தங்குவது மேல் என்பது என் கருத்து. கப்பலுக்கு இருக்கும் பலம், இரவெல்லாம் இடம் மாறிக்கொண்டே இருப்பது. ஒரு தீவுக்குப் பின்னால் மேகம் என்றால் அடுத்த நீர்ச்சந்தியில் இடைவெளி கிடைக்கலாம். பலவீனம், அதன் விளக்குகளும் அதிர்வும். ஒளி தோன்றினால் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். ஆனால் வெளிச்சமான அறையிலிருந்து ஓடிவரும் கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். அதற்குள் பொங்கி அடங்கிவிடும். முன்கூட்டியே, விளக்கு மறைவாக உள்ள ஓரத்தில், செல்பேசித் திரையைப் பார்க்காமல் நிற்பவருக்கே முதல் பளிச்சிடல் கிடைக்கும்.

ஒளி சத்தமிடும் என்று வடபுலத்து சாமி மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். 100 கி.மீ. மேலிருந்து சத்தம் வந்து சேர ஐந்து நிமிடம் ஆகும். அவ்வளவு மெல்லிய காற்றில் அது கிளம்பவும் முடியாது. ஆனால் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் உன்டோ லைனே, காந்தக் கொந்தளிப்பு மிகுந்த இரவுகளில் மெல்லிய வெடிப்பொலிகளைப் பதிவு செய்திருக்கிறார். அவை எழுவது தரையிலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில், குளிர்ந்த காற்றுக்கு மேல் வெப்பக் காற்று படிந்து நிற்கும் அடுக்கில் என்பது அவருடைய கணிப்பு. எஞ்சின் ஓடும் கப்பலில் அதைக் கேட்க வழியில்லை. காற்றடங்கிய பனிவெளிதான் அதற்கு ஏற்ற இடம்.

சில அபூர்வ இரவுகளில் வளையமே நம் பக்கம் நகர்ந்து வருவதுண்டு. 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாயில் துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது. 2024 மே 10 இரவு, கடந்த இருபது ஆண்டுகளில் வலுவான காந்தப் புயலின்போது, லடாக்கின் ஹான்லே வானாய்வகத்துக் கேமராக்களில் வடக்கு வானம் சிவந்து பதிவானது. பச்சை இல்லாமல் சிவப்பு மட்டும் ஏன் என்பதற்கும் மேலே போட்ட கணக்கே பதில். 100 கி.மீ. உயரத்துப் பச்சை, பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடுகிறது; 300, 400 கி.மீ. உயரத்தில் நிற்கும் ஆக்சிஜனின் சிவப்பு ஏறக்குறைய 2,000 கி.மீ.க்கு அப்பாலும் எட்டிப் பார்க்கும்.

தெற்கே திரும்பும் வழியில் கப்பல் ஆண்டோயா தீவின் ரிசோய்ஹாம்ன் துறையில் நிற்கிறது. 1962 முதல் இந்தத் தீவிலிருந்து துருவ ஒளிக்குள்ளேயே ஆய்வு ராக்கெட்டுகளை ஏவிவருகிறார்கள். 1995 ஜனவரி 25 அன்று ஏவிய ஒன்றை ரஷ்ய ரேடார்கள் ஏவுகணை என்று ஐயுற, அதிபர் யெல்ட்சினின் அணு ஆயுதப் பெட்டி வரை அது போய்விட்டது. ராக்கெட்டும் செயற்கைக்கோளும் இத்தனை ஆண்டு தேடியது, கீழிறங்கும் எலெக்ட்ரான்களுக்கு அந்தக் கடைசி வேகத்தைத் தருவது எது என்பதை. காந்தக் கோடுகளின் வழியே ஓடும் ஆல்ஃப்வென் அலைகள் எலெக்ட்ரான்களைத் தம்மோடு உந்திச் செல்ல முடியும் என்று 2021இல் கலிஃபோர்னியாவின் பிளாஸ்மா ஆய்வகத்தில் நேரடியாக அளந்து காட்டினார்கள். கீற்றுகள் சில நேரம் 100 மீட்டருக்கும் குறைந்த அகலத்தில் அவ்வளவு மெலிதாக நிற்பது ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. இது போன்ற கேள்விகளுக்கு விடை தேட ஷிபோட்ன் பள்ளத்தாக்கில் சுமார் 10,000 ஆன்டெனாக்களோடு ‘ஐஸ்கேட் 3டி’ ரேடார் எழுப்பப்பட்டு வருகிறது. ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் நிற்கும் துணை நிலையங்களோடு சேர்ந்து, அயனி மண்டலத்தின் ஒரு பெரும் பரப்பை ஒரே நேரத்தில் முப்பரிமாணத்தில் அளப்பது அதன் வேலை.